ஓரகத்தி முறை

உப்பளம், புதுச்சேரி
9 ஜூன் 1958

என் அக்காள் மகள் கமலவேணிக்கு,

துவான் ஆபீசு வாசலில் இருபத்தோரு வருஷம் நின்று, கப்பலில் வந்த கள்ளச் சரக்கையெல்லாம் மூக்காலேயே கண்டுபிடித்த உன் மாமன் பாலகுரு எழுதிக்கொண்டது. பட்டணத்தில் இருக்கிற உனக்குத் துவான் மறந்திருக்கும், சுங்கம் என்று சொன்னால் புரியும்.

உன் ஆராய்ச்சி வேலை முடிந்தது. வீராம்பட்டினத்தில் மீன் விற்கிற பெண்கள் அறுபது பேரைக் கேட்டு, அச்சடித்த தாளில் பதில் எழுதி அனுப்ப மூன்று வாரம் ஆகும் என்று எழுதியிருந்தாய். நான் மூன்றே நாளில் முடித்துவிட்டேன். நீ எண்ணூரில் அறுபது வீடு கேட்க இரண்டு மாதம் அலைந்தாயாம். வயசும் அனுபவமும் வேண்டாமா?

எனக்கு அங்கே கிடைத்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். தேர்முட்டியருகே நாற்காலி போட்டார்கள். நாட்டாரே எழுந்து வந்து கையைப் பிடித்து, "வாங்க முசியே, பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போயும் உங்க மிடுக்கு போகலையே" என்றார். நான்கு இளநீர் வெட்டினார்கள். ஆனாலும் நான் உட்காரவில்லை. வீடு வீடாக நானே ஏறி இறங்கினேன். செருப்பு தேய்ந்து காகிதமாகிவிட்டது.

உன் கேள்விகளில் இரண்டொன்றைத் திருத்தியிருக்கிறேன். "ஒரு நாளில் எத்தனை மைல் நடக்கிறீர்கள்" என்று கேட்டிருந்தாய். மைல் இங்கிலீஷ்காரன் அளவு. நம் ஊருக்கு உள்ளது கிலோமேத்ரு. ஆகையால் சில தாளில் "மை" என்றும் சில தாளில் "கி" என்றும் இருக்கும். படித்தவள், நீயே பிரித்துக்கொள்.

கடைசிக் கட்டத்தில் "தேர்ந்தெடுத்த முறை" என்று இருந்தது. அதை ஒரு தாளிலும் விடாமல் நிரப்பியிருக்கிறேன். முறை விஷயத்தில் உன் மாமனை அடிக்க இந்தக் கரையில் ஆளில்லை.

புத்தகத்தில் "மேற்பார்வை: முசியே பாலகுரு" என்று போட்டால் போதும். போட்டோ வேண்டுமானால் தொப்பியோடு எடுத்தது ஒன்று இருக்கிறது. உப்பளத்தில் பக்கிரி டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. பெயர் வராமல் போனால் நான் அந்தத் தெருவில் நடக்க முடியாது.

உன் அத்தை தில்லையம்மாள் சுகம். வீட்டோடு இருக்கிறாள்.

பாலகுரு


மாதர் விடுதி, சென்னை
14 ஜூன் 1958

அன்புள்ள மாமாவுக்கு,

தாள்கள் வந்து சேர்ந்தன. நன்றி. எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்தொன்பதுதான் இருக்கின்றன. நான் அனுப்பியது அறுபது.

மூன்று நாளாகத் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சலாட்சி என்கிற அம்மாள் தினம் "பதினொரு கி" நடக்கிறாள். கி என்றால் கிலோமீட்டரா, கிழக்கா? அடுத்த தாளில் "ஏழு மை, நான் சொன்ன வழியில் போனால் ஆறு" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் எத்தனை மைல் நடக்கிறார்கள் என்றுதான் கேட்டேன். எவ்வளவு நடக்கலாம் என்று யோசனை சொல்லச் சொன்னேனா?

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். "முறை"யைப் பார்த்ததும்தான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மாமா, நான் கேட்டது உறவு முறை இல்லை. அந்த வீட்டை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். கோயிலுக்கு வடக்கே முதல் வீட்டில் தொடங்கி ஐந்து வீட்டுக்கு ஒன்று என்று எழுதியிருந்தேனே. "ஐந்தாவது வீடு" என்றோ, "பூட்டியிருந்தது, அடுத்த வீடு" என்றோ எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் "சித்தி முறை", "சம்பந்தி முறை", "பங்காளி முறை" என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். முப்பத்து மூன்றாம் தாளில் "பேச்சுவார்த்தை இல்லாத முறை, ஆனாலும் சொன்னாள்" என்று இருக்கிறது.

இப்போது நான் எழுத வேண்டியது மூன்றாம் அத்தியாயம். என்ன கண்டோம் என்பது அதில் வராது. எப்படிக் கண்டோம் என்பதை மட்டும் எழுத வேண்டும். யார் கேட்டது, யாரைக் கேட்டது, எந்த வீட்டை விட்டது, ஏன் விட்டது. அதைப் படித்துவிட்டு இன்னொருவர் கிளம்பினால் அதே வாசலில் போய் நிற்க வேண்டும். ஆகஸ்டு முடிவதற்குள் பேராசிரியர் இந்த அத்தியாயத்தை ஒப்புக்கொள்ளவில்லையானால் என் உபகாரச் சம்பளம் நின்றுவிடும். அப்பா அடுத்த ரயிலில் வந்து பெட்டியைக் கட்டச் சொல்வார். மாப்பிள்ளை ஜாதகம் ஏற்கெனவே அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

ஆகவே பெருமை எதுவும் சேர்க்காமல் மூன்றே மூன்று பதில் எழுதுங்கள். வீடுகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? எல்லாரையும் கேட்டது நீங்கள்தானா? அறுபதாவது தாள் எங்கே?

கமலவேணி


உப்பளம்
20 ஜூன் 1958

கமலவேணிக்கு,

மூன்று பதில்தானே. இந்தா.

முதலாவது. ஐந்தாவது வீடு என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு எழுதிவிட்டாய். ஐந்தாவது வீட்டில் நமக்கு முறை இல்லாவிட்டால் என்ன செய்வது? அறியாத பெண்பிள்ளை வாசலில் போய், "உன் கூடையில் என்ன மீன், மீந்தால் என்ன செய்வாய், வீட்டில் யார் முதலில் சாப்பிடுவது" என்று கேட்டால் துடைப்பக்கட்டைதான் பேசும். நீ முறையைக் கேட்டாய், ஊர் என்னை முறைத்தது. ஆகையால் ஐந்தாவது வீட்டில் முறை இருந்தால் அது. இல்லையென்றால் ஆறு, ஏழு, எட்டு, முறை வருகிற வரைக்கும். இதை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். இதையே உன் அத்தியாயத்தில் எழுதலாம். இதற்கு என் பெயரையே வைத்தாலும் ஆட்சேபணை இல்லை.

இரண்டாவது. எல்லாரையும் கேட்டது நானே, நானே, நானே. செங்கழுநீர் அம்மன் மேல் சத்தியம் என்று எழுதப் போனேன். உன் அத்தை பக்கத்தில் நின்று, "அம்மனை ஏன் இழுக்கிற" என்றாள். அதனால் எழுதவில்லை.

மூன்றாவது. அறுபதாவது தாளைக் கடற்காற்று கொண்டுபோய்விட்டது. சாதாரணக் காற்றா அது! கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று. மூன்று கட்டுமரம் விட்டுத் தேடினார்கள். கடைசியில் ஒரு சுறா அதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

மாப்பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தாய். உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன். ஆனால் போன தீபாவளியிலிருந்து அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்.

பாலகுரு


சென்னை
27 ஜூன் 1958

மாமா,

"நானே, நானே, நானே" என்பதை நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "மீனவர் குலத்தில் பிறந்து சுங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் அறுபது பெண்களிடமும் நேரில் கேட்டார்" என்று எழுதிப் பேராசிரியர் மேஜையில் வைத்துவிட்டேன்.

நேற்று அத்தியாயத்தைப் பிரதி எடுக்கும்போது தாள்களை மறுபடி பார்த்தேன். பதினான்கு, இருபத்திரண்டு, முப்பத்தேழு, நாற்பத்தொன்று. நாலிலும் ஒரே வார்த்தை. "ஓரகத்தி முறை."

மாமா, ஆண்பிள்ளைக்கு ஏது ஓரகத்தி? உங்கள் பங்காளியின் பெண்சாதி உங்களுக்கு அண்ணி ஆகலாம், தம்பி பெண்சாதி ஆகலாம். ஓரகத்தி ஆக வேண்டுமானால் நீங்கள் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருக்க வேண்டும். ஒன்பதிலும் முப்பதிலும் "நாத்தனார் முறை." நீங்கள் என்றைக்குத் தாலி கட்டிக்கொண்டீர்கள்?

கேட்டது அத்தைதானே?

அத்தை கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. அத்தை கேட்டிருந்தால் பதில்கள் உண்மையாக இருக்கும் என்று நிம்மதிதான். ஆனால் நான் எழுதிவைத்திருப்பது வேறு. பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "மூன்று நாளில் அறுபது வீடா? கால் இருக்கிறதா, சக்கரமா?" என்று கேட்டார். ஜூலை பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை அவரே வீராம்பட்டினம் வருகிறார். ஐந்து தாளை உருவி எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்கே போய்க் கேட்கப் போகிறார். அன்று எனக்குக் கல்லூரியில் வகுப்பு. என்னை வரவும் விடவில்லை.

அதற்குள் உண்மையை ஒரே ஒரு வரியில் எழுதுங்கள். நான் முந்திக்கொண்டு அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

கமலவேணி


உப்பளம்
2 ஜூலை 1958

கமலவேணிக்கு,

ஓரகத்தி என்பது கைப்பிழை. வெயில்.

பேராசிரியர் தாராளமாக வரட்டும். எத்தனையோ கவர்னர்களின் கப்பலை இறக்கியவன் நான். நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே, எல்லா ஏற்பாடும் செய்துவிட்டேன். ஐம்பத்தொன்பது வீட்டுக்கும் ஆள் மூலம் சொல்லியனுப்பியாயிற்று. "யார் கேட்டது" என்று கேட்டால், "முசியே பாலகுரு வந்து கேட்டாரு, நல்லா கேட்டாரு" என்று சொல்ல வேண்டும். எல்லாரும் நன்றாகவே சொல்கிறார்கள். அன்னக்கிளி என்று ஒருத்தி, முப்பத்து மூன்றாம் தாள், அவளுக்குத்தான் வாயில் நுழையவில்லை. மூன்று தடவை ஒப்பிக்க வைத்தேன். நான்காவது தடவை கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாலகுரு


சென்னை
6 ஜூலை 1958

மாமா,

ஒப்பிக்க வைத்தீர்களா? ஐயோ!

போய் அத்தனை பேரிடமும், "நடந்ததைச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். உங்களை அவர்கள் நம்பமாட்டார்கள். அத்தையை அனுப்புங்கள். வேறொன்றும் செய்யாதீர்கள். இளநீர் வெட்டாதீர்கள். நாற்காலி போடாதீர்கள். தொப்பி போடாதீர்கள்.

கமலவேணி


உப்பளம்
14 ஜூலை 1958

கமலவேணிக்கு,

உன் பேராசிரியர் வந்தார், போனார். நடந்ததை அவர் சொல்வதற்குள் நான் சொல்லிவிடுவது நல்லது. தொப்பி போட்டுக்கொண்டுதான் போனேன். உன் கடிதம் பிந்தி வந்தது.

மனிதர் ஒல்லி. இளநீர் வேண்டாம் என்றார். கூடத்தில் கூட உட்காரவில்லை, குடையை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார். முதல் வீட்டில் குஞ்சம்மாள்.

"யாரும்மா கேட்டது?"

"முசியே பாலகுரு வந்து கேட்டாரு. நல்லா கேட்டாரு."

இரண்டாவது வீட்டில் செல்வாம்பாள். அதே வார்த்தை. மூன்றாவது வீட்டுக்காரி அதே வார்த்தையோடு, "அவர் வாழ்க" என்று சேர்த்துச் சொன்னாள். நான் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

நான்காவது வீடு அன்னக்கிளி. உருவிய ஐந்து தாளில் அவள் தாளா வந்து சேர வேண்டும்?

"யாரு, இந்த ஆளா?" என்றாள். "இவரு மூணு நாளும் தேர்முட்டிகிட்ட உக்காந்து டீ குடிச்சிக்கினு இருந்தாரு. கேட்டது தில்லையம்மா. எனக்கும் அதுக்கும் ஏலத்து மீன்ல சண்ட, ரெண்டு வருஷமா பேச்சில்ல. இருந்தும் வாசல்ல வந்து நின்னுச்சு. 'நம்ம வூட்டுப் பொண்ணு படிக்குது, சண்டைய அப்பறம் வச்சிக்கலாம், பதில சொல்லு'ன்னுச்சு. சொன்னேன். அது வந்து இவருகிட்ட ஒரு வார்த்த சொல்லும், இவரு ஒம்போது வார்த்த எழுதுவாரு."

அப்போது உன் அத்தையே ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்துவிட்டாள். பேராசிரியர் அவளை நிறுத்திக் கேட்டார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று நான் குறுக்கே சொன்னேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.

இவள் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, தெருவைக் கையால் காட்டிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். "வடக்கால மொத வூட்ல தொடங்கினேன். அஞ்சாவது வூட்ல எழவு, கேக்கல. ஆறாவது எனக்கு ஓரகத்தி முற, கேட்டேன். பத்தாவது வூடு நமக்கு ஒறவில்ல, உள்ள வுடல. பதினொண்ணு சித்தி முற. இந்த வூட்டுப் பொண்ணு பொய் சொல்லும், ரெண்டு தபா கேட்டேன்." இப்படியே ஐம்பத்தொன்பது வீடு. ஒரு வீடு மாறவில்லை. அந்த மனிதர் வெயிலில் ஒரு மணி நேரம் நின்று அத்தனையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஐந்தாவது தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

புறப்படும்போது என்னிடம், "உங்கள் கையெழுத்து தெளிவாக இருக்கிறது" என்றார். இதையாவது அத்தியாயத்தில் போடுவார்களா?

உனக்கு ஏதாவது கெடுதல் வந்தால் எழுது. பக்கிரி கடைக்கு நான் இரண்டு நாளாகப் போகவில்லை.

பாலகுரு


சென்னை
28 ஜூலை 1958

அன்புள்ள மாமாவுக்கு,

பேராசிரியர் என்னைப் பத்து நாள் காக்க வைத்துப் பிறகு கூப்பிட்டார். நான் எழுதியிருந்த மூன்றாம் அத்தியாயத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்து என் முன்னால் வைத்தார். மேலே தன் நோட்டை வைத்தார். "உன் அத்தைக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று தெரிகிறது. உனக்கு எப்போது தெரியும்?" என்றார். அழுகை வந்தது. அவர் எதிரில் அழவில்லை.

நான் இழந்ததையும் சொல்லிவிடுகிறேன். "வீராம்பட்டினத்துப் பெண்கள் இப்படி" என்று இனிமேல் எழுத முடியாது. ஐந்துக்கு ஒன்று என்பது போய்விட்டது. மைலும் போய்விட்டது, உங்கள் கியும் போய்விட்டது. எண்ணூரோடு ஒப்பிடும் அத்தியாயம் பாதியாகச் சுருங்கும். ஒரு வருஷ வேலை, மாமா.

மிஞ்சியிருப்பது இதுதான். புதிதாக எழுதியிருக்கிறேன், தமிழில் சொல்கிறேன்:

"இங்கே வீடுகள் எண்ணால் தேர்ந்தெடுக்கப்படவில்லை. உறவு முறையால் தேர்ந்தெடுக்கப்பட்டன. உறவில்லாத வீட்டில் பதில் கிடைக்காது. ஆகவே இந்த முடிவுகள் ஒரு பெண்ணுக்கு முறை உள்ள ஐம்பத்தொன்பது வீடுகளை மட்டுமே குறிக்கும். கேட்டவர் தில்லையம்மாள். எழுதியவர் அவர் கணவர் பாலகுரு. எழுதியவர் பல இடங்களில் தாமாகச் சேர்த்திருக்கிறார். அவற்றை நீக்கியிருக்கிறோம். ஒவ்வொரு தாளிலும் உறவைக் குறித்து வைத்தவரும் அவரே. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எதையும் சரிபார்த்திருக்க முடியாது."

"மேற்பார்வை" என்று எங்கும் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். "முறை" என்ற கட்டத்தை நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டதால்தான் நான் பிழைத்தேன் என்று பேராசிரியர் சொல்கிறார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இதை ஒப்புக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது. "அறுபது தாளில் ஒன்று திரும்பி வரவில்லை. காரணம்" என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். சுறாவை எழுத முடியாது. உண்மைக் காரணம் ஆகஸ்டு பத்துக்குள் வேண்டும்.

கமலவேணி


உப்பளம்
5 ஆகஸ்டு 1958

கமலவேணிக்கு,

நீ எழுதியதைப் பக்கிரி கடையில் நானே உரக்கப் படித்தேன். "தாமாகச் சேர்த்திருக்கிறார்" என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பக்கிரி, "பேரு வந்துடுச்சா இல்லியா, அதப் பாரு" என்றான். வந்துவிட்டது. அது போதும்.

அறுபதாவது தாள் காற்றில் போகவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தேன், கடையில் காட்டுவதற்கு. அச்சடித்த காகிதம் பார்க்க நன்றாக இருந்தது. காரணம் இதுதான். இப்படியே எழுதிக்கொள்.

இப்போது அதையும் நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். வீராம்பட்டினத்து வீடு இல்லை என்பதால் உன் கணக்கில் சேராது என்று தெரியும். சேர்க்க வேண்டாம், படித்தால் போதும். வீட்டோடு இருக்கிறாள் என்று உனக்கு நான்கு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

பாலகுரு

தாள் எண்: 60
பெயர்: தில்லையம்மாள்
ஊர்: உப்பளம்
எத்தனை வருஷமாக மீன் விற்கிறார்: நான்கு. பழைய துவானை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய மாதத்திலிருந்து.
எங்கே வாங்குகிறார், எங்கே விற்கிறார்: வீராம்பட்டினத்தில் வாங்கி, உப்பளத்திலும் டவுனிலும் தெருத் தெருவாக.
ஒரு நாளில் எத்தனை மைல் நடக்கிறார்: கேட்டேன். "யாரு எண்ணினா" என்றாள். மறுநாள் காலையில் எண்ணுவதற்காக நானே கூடப் போனேன். அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் எண்ணினேன். அதற்குமேல் என்னால் நடக்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அவள் போய்விட்டாள். ஆகையால் தெரியாது.
மீந்த மீனை என்ன செய்கிறார்: குழம்பு.
வீட்டில் யார் முதலில் சாப்பிடுவது: நான்.
கேட்டவர்: பாலகுரு
எழுதியவர்: பாலகுரு
தேர்ந்தெடுத்த முறை: முதல் வீடு.